பூங்குழலி வருகிறாள்

அத்தியாயம் 17

விடிந்தும் விடியாததுமாகத் தாண்டவராயன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

காக்கிச் சட்டை அல்ல. அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, போன ஆடியோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. இது வெளிர்பச்சை. 'பளிச்சுனு போட்டா பட்டாம்பூச்சி கிட்ட வராது சார்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, செஞ்சி காந்தி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது.

"ஜெயசுதா! இன்னிக்கி ஒரு ஆளுக்குக் கூடவே ஆக்கு."

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"யாரு வராங்க?"

"அதான் சொன்னனே. கோயமுத்தூர்லருந்து பூங்குழலி மேடம். பட்டாம்பூச்சி பாக்க வர்ற மத்தவங்கல்லாம் ஓட்டல்ல சாப்டுக்குவாங்க. இவங்க ஒத்தையா வராங்க. பொம்பளப் புள்ள. வூட்டுக்கே இட்டாந்துடறன்."

"இன்னா கொழம்பு வெக்கிறது?"

"சாம்பார் வை. அவங்க இன்னா சாப்புடுவாங்கன்னு நான் எங்க கண்டன்?"

"கருவாட்டுக் கொழம்பு வெக்கிறன்."

"யாரு எவருன்னு தெரியாத ஆளுக்குக் கருவாடா?"

"சாப்புடுவாங்க" என்றாள் ஜெயசுதா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கடல் இல்லாத ஊர்லருந்து வராங்க. ஆசையாத் தின்னுவாங்கன்னு சொன்னன்."

தாண்டவராயன் அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணாடி முன் நின்று தலையை ஒரு பக்கமாகச் சீவினார். பிறகு மறுபக்கமாகச் சீவினார்.

"இது சரியா இருக்குதா?"

ஜெயசுதா அவரை நிமிர்ந்து பார்த்தாள். 'மோட்டார் போட்டியா', 'கேஸ் புக் பண்ணியா' என்பதைத் தாண்டி அவர் அவளிடம் ஒன்றைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"நல்லா இருக்குது" என்றாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன வாரம் வரை நம்மோடு வந்தவர்களுக்கு அந்தக் கை ஏன் நின்றது என்று தெரியும். இன்றுதான் ஏறுகிறவர்களுக்கு, வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

தாண்டவராயனுக்கு ஒரே மகள், வெண்மதி. மூன்று வருடங்களுக்கு முன், கல்யாணத்துக்கு முதல் நாள், நலங்கு மஞ்சள் காயாத கையோடு வந்து நின்று, "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் நைனா" என்றாள். ஏன் என்று அவர் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று சாயங்காலமே ஊரை விட்டுப் போய்விட்டாள். எந்த ஆணையும் நம்பிப் போகவில்லை. கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லின் அலுவலக வேலைக்கும், பெண்கள் விடுதி ஒன்றின் ஒற்றைக் கட்டிலுக்கும்தான் போனாள்.

மறுநாள் மண்டப வாசலில் நின்று, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் கையைக் கூப்பி, "கல்யாணம் நின்னு போச்சி, மன்னிச்சிக்குங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் தாண்டவராயன். அன்றோடு மகளின் பெயர் அவர் வாயில் வருவதில்லை. அவளுடைய நம்பரையும் அழித்துவிட்டார்.

அதே வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் மேல்மலையனூர் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். சாலையின் குறுக்கே பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியில் வந்து வந்து மோதின. வைப்பரைப் போட்டார். கருநீலப் பொடி கண்ணாடி முழுக்க இழுபட்டது. அவருக்கு என்ன ஆயிற்றோ, வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, தோளில் கிடந்த துண்டால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். உள்ளே அமாவாசைக் கூட்டம் கத்தியது. கண்டக்டர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் வண்டியில் ஏறினார்.

அன்றிலிருந்து பூச்சிகளைப் பார்க்கத் தொடங்கினார். ஓய்வு பெற்றதும் போனும் கையுமாகக் கோட்டை அடிவாரத்தில் சுற்ற ஆரம்பித்தார். இடுப்பு வலியோடு மண்ணில் குப்புறப் படுத்துப் படம் எடுப்பார். விழுப்புரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஆனந்தராஜ் என்பவர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, 'இது என்ன வகை?' என்று கேட்பார்.

இதை ஜெயசுதா ஒருநாள் போனில் மகளிடம் சொன்னாள். "உங்க நைனாவுக்குப் பேச்சுத் தொணையே பூச்சிதான்டி இப்ப."

வெண்மதி புது சிம் ஒன்று வாங்கினாள். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, பூங்குழலி என்ற பெயரில் அந்தக் குழுவில் சேர்ந்தாள். அவளுக்கு ஒரு பூச்சியின் பெயரும் தெரியாது. அப்பா ஒரு படம் போட்டதும், வேலையை அப்படியே வைத்துவிட்டுத் தேடுவாள். இறக்கையின் கோடு, விளிம்பின் புள்ளி, உட்கார்ந்த செடி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, வேறு யாரும் சொல்வதற்குள் முதலில் சொல்லிவிடத் துடிப்பாள்.

ஒருமுறை அவர் 'வெந்தய வரியன்' என்று ஒரு படம் போட்டார். "இல்லை சார். பின் இறக்கையில் கரும்புள்ளிகள் இல்லை பாருங்க. வெந்தய வரியனைப் பறவைகள் தின்னாது. அதனால் இது அதைப் போலவே வேஷம் போட்டிருக்கு. வேறு வகை" என்று பூங்குழலி எழுதினாள். "அடடா, நம்மளயே ஏமாத்திடுச்சே!" என்று பதில் வந்தது. பக்கத்திலேயே சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று. விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அந்த மஞ்சள் முகத்தைப் பார்த்து வெண்மதி அழுதாள்.

பிறகு இருவரும் தனியாக எழுதிக்கொண்டார்கள். பேசியதில்லை, எழுத்து மட்டும்தான். போன வாரம் அவர் எழுதினார்: "எனக்கும் உங்க வயசுல ஒரு பொண்ணு இருந்தா."

இருந்தாள்.

அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அவள் விழித்துக்கொண்டிருந்தபோதே அடுத்த வரி வந்தது. "ஞாயித்துக்கெழம செஞ்சிக் கோட்டையில குழு கூடுது. நீங்களும் வாங்க மேடம். பூச்சிங்க கூடுற எடத்தை நானே காட்றேன்."

"வரேன் சார்" என்று எழுதிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று.

தாண்டவராயனின் டி.வி.எஸ். தெருமுனை திரும்பியதும், ஜெயசுதா அடுப்பை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எதிர்வீட்டுப் பெண்ணிடம் கருவாடு வாங்கப் போவதாகச் சொன்னாள். போனது பஸ் ஸ்டாண்டுக்கு.

திருவண்ணாமலை வண்டிகள் நிற்கும் இடத்தில், தோளில் பையோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். ஜெயசுதா முதலில் அவளைத் தாண்டிப் போய்விட்டாள்.

"அம்மா."

திரும்பினாள். கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது. ஜெயசுதா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்ப்பதுபோல அப்படியே பிடித்திருந்தாள்.

"எளச்சிட்டியேடி."

"மெஸ் சாப்பாடும்மா."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீ ஆறியது. இருவரும் குடிக்கவில்லை.

"மொதல்ல வூட்டுக்கு வா. சாப்டு. அவரு வரட்டும். நான் பேசிக்கிறன்" என்றாள் ஜெயசுதா.

"நைனா என்ன வூட்டுக்குக் கூப்புடலம்மா. பூங்குழலியத்தான் கூப்ட்டாரு."

"பைத்தியமாட்டம் பேசாத. அங்க அத்தினி பேரு நிப்பாங்க. அவங்க எதிருல அவரு எதுனா சொல்லிட்டா நீ தாங்குவியா? இல்ல, உன்னப் பாத்துட்டு அவரு தலை குனிஞ்சி நின்னார்னா? மண்டபத்துல பட்டது பத்தாதா அந்த மனுசனுக்கு?"

"எல்லாரும் போனப்பறம் போறன்."

"போயி? ஏன் கல்யாணம் வேணாம்னு சொன்னேன்னு இன்னிக்காவது சொல்லிடு. நானே சொல்லியிருப்பன். நீதான் சத்தியம் வாங்கிட்ட."

"அத எப்படிம்மா நைனா காதுல போடறது?"

அது இதுதான். நலங்கு நடந்த அன்று மாப்பிள்ளை போன் செய்தான். சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை. "ஆபீஸ்லருந்து ஆளுங்க வராங்க. உங்கப்பாவோட காக்கிச் சட்டைக் கூட்டத்த முன் வரிசையில உக்கார வெக்காதீங்க. உங்கப்பாவையும் மேடையில ரொம்ப நேரம் நிக்க வேணாம்னு நாசூக்காச் சொல்லிடு. யாராவது கேட்டா டிரைவர்னு சொல்லாத. போக்குவரத்துத் துறைன்னு சொல்லு, போதும்" என்றான்.

பள்ளிக்கூடத்து நாட்களில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்க நைனா ஓட்ற வண்டி" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வளர்ந்தவள் வெண்மதி. அந்த வார்த்தைகளை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அவளுக்கு வாய் வரவில்லை. மகள் ஓடிப்போனாள் என்ற பெயர் அவரைச் சுடும், ஆனால் ஆறிவிடும் என்று நினைத்தாள். மற்றது ஆறாது என்று நினைத்தாள்.

"நீ வாய மூடிக்கினு இருக்கறதால அவரு நல்லா இருக்காருன்னு நெனச்சிக்கினு இருக்கியா?" என்றாள் ஜெயசுதா. "டிவி முன்னால உக்காந்திருப்பாரு. டிவி ஓடாது. நான் உள்ள, அவரு வெளிய. இப்படித்தான் ஓடுது எங்க பொழப்பு."

வெண்மதி அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கருவாடு வாங்க நேரமாகிறது என்று ஜெயசுதா எழுந்திருக்கும் வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில் குழு கூடியிருந்தது. விழுப்புரம், புதுச்சேரி, திருவண்ணாமலை என்று பல ஊர்க்காரர்கள். நீளமான லென்ஸ், தொப்பி, தண்ணீர்க் குடுவை. எல்லோரும் படித்தவர்கள், கலகலப்பானவர்கள். தாண்டவராயனைக் கண்டதும், "சார், இன்னிக்கி நீங்கதான் வழி காட்டணும்" என்றார்கள்.

அவர் முன்னால் நடந்தார். நெல் களஞ்சியத்தைத் தாண்டி, குளத்தின் பின்பக்கம், பாறைகளுக்கு நடுவே கிலுகிலுப்பைச் செடிகள் மண்டிக் கிடந்தன. மஞ்சள் பூக்கள். காய்ந்த காய்கள் காற்றில் சலசலத்தன. பார்த்த உடனே ஒன்றும் தெரியாது. கிட்டப் போனால்தான், காய்ந்த இலை என்று நினைத்ததெல்லாம் மூடிய இறக்கைகள் என்று புரியும். ஒரு கிளைக்கு எத்தனையோ. நீலக் கோடு போட்டவை, வெள்ளைப் புள்ளிவைத்த கருப்பன்கள். ஒருவர் கால் பட்டதும் செடியே எழுந்து பறந்தாற்போல் கூட்டமாகக் கிளம்பி, தலைக்கு மேல் சுற்றிவிட்டு, மறுபடி அதே கிளைகளில் வந்து தொங்கின.

"அய்யோ!" என்று ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். காமிராக்கள் படபடத்தன.

தாண்டவராயனின் கண் செடியில் இல்லை. ஒற்றையடிப் பாதையில் இருந்தது. யாராவது வரும் சத்தம் கேட்டால் திரும்புவார். ஒருமுறை வந்தது ஆடு மேய்க்கிறவர். இன்னொருமுறை, மலை ஏற வழி தெரியாமல் வந்த கல்லூரிப் பையன்கள்.

"பூங்குழலி மேடம் வரேன்னாங்களே, எதுனா தகவல் வந்துதா?" என்று ஆனந்தராஜிடம் கேட்டார்.

"இல்லண்ணே. எனக்கும் ஆசைதான். குழுவுல யாருமே அவங்கள நேர்ல பாத்ததில்ல."

"பஸ் லேட்டா இருக்கும். அந்த ரூட்ல அப்படித்தான்."

"இருக்கும்ணே" என்றார் ஆனந்தராஜ்.

வெயில் ஏறியது. பூச்சிகள் நிழலுக்குள் ஒதுங்கின. எல்லோரும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். "வாங்கண்ணே, ஓட்டலுக்குப் போலாம்" என்று கூப்பிட்டார்கள்.

"நீங்க போங்க. நான் வூட்ல சொல்லிட்டு வந்துட்டன்."

பேச்சும் சிரிப்பும் பாதையில் தேய்ந்து மறைந்தன. பாறை நிழலில் தாண்டவராயன் உட்கார்ந்தார். போனை எடுத்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும் குளத்துக்கிட்ட இருக்கேன். அவசரமில்ல மேடம். மெதுவா வாங்க."

கோட்டைக்குள் இருக்கும் பழைய கல்யாண மகாலின் படிக்கட்டில் உட்கார்ந்து, வெண்மதி அதைப் படித்தாள். குழுவினர் வெளியே போவதை அங்கிருந்துதான் பார்த்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து நடந்தாள்.

பாதை திரும்பும் இடத்தில் பெண் உருவம் ஒன்று தெரிந்ததும், தாண்டவராயன் எழுந்து நின்றார். சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. "வாங்க, வாங்க" என்று கை தானாக நீண்டது.

அவள் வெயிலிலிருந்து நிழலுக்குள் வந்தாள்.

அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை. யாரென்று தெரிந்த பிறகும் ஒரு கணம் அவர் முகத்திலேயே நின்றது. பிறகுதான் உதிர்ந்தது. வெண்மதி அதை முழுதாகப் பார்த்தாள். அது தனக்கு வந்த சிரிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"நைனா."

"நீ எங்க இங்க?"

"உன்னப் பாக்கத்தான் வந்தன்."

"யாரு சொன்னது நான் இங்க இருக்கன்னு? உங்கம்மாவா?"

அவருடைய காதோர முடி நரைத்திருந்தது. கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. படம் எடுக்கப் படுத்தபோது ஒட்டியதாக இருக்கும். துடைத்துவிடலாம் போலிருந்தது.

"இத்தினி நாளு இல்லாம இன்னிக்கித்தான் உனக்கு வழி தெரிஞ்சிதா?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "போ. ஒருத்தவங்க வர்ற நேரம் இது. என்ன மதிச்சி தூரத்துலருந்து வராங்க. அவங்க எதிருல மறுபடி எனக்கு ஒரு அசிங்கம் வேணாம்."

"நைனா, நான்..."

"போன்னு சொல்றன் இல்ல?"

அவர் அவளைப் பார்த்துப் பேசவில்லை. அவள் தோளுக்கு மேலே, பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்துகொண்டிருக்கும் இன்னொருத்தி இதைப் பார்த்துவிடக் கூடாதே என்ற பதைப்பு அந்தக் கண்ணில்.

நான்தான் அவள் என்று சொல்லிவிடலாம். நுனி நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால்? பூங்குழலி என்று ஒருத்தி கிடையாது என்று ஆகிவிடும். இந்த மனிதர் மனம் விட்டுப் பேச உலகத்தில் இருக்கிற ஒரே ஆளும் என்னுடைய வேஷம்தான் என்று ஆகிவிடும். அதையும் இவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகவா வந்தேன்?

வெண்மதி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அவர் உட்கார்ந்திருந்த பாறையின் மேல் வைத்தாள்.

"வெயில்ல ரொம்ப நேரம் நிக்காத நைனா."

திரும்பி நடந்தாள். பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும் என்று பாதை திரும்பும் வரை காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். கிலுகிலுப்பைக் காய்களின் சலசலப்புதான் வந்தது.

பஸ் ஸ்டாண்டில் அம்மாவின் அழைப்பு வந்தது.

"கொழம்பு எறக்கிட்டன்டி. இன்னா ஆச்சி?"

"நான் ஊருக்குப் போறன்மா."

"வெண்மதி!"

"அவரு வந்ததும் சோறு போடு. ஒண்ணும் கேக்காத. பூங்குழலி வரலன்னு வருத்தமா இருப்பாரு."

மறுமுனையில் அழுகை கேட்டது. வெண்மதி போனை வைத்துவிட்டு, திருவண்ணாமலை வண்டியில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

வண்டி கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். ராஜகிரி பக்கத்தில் வந்தது, பெரிதாக நின்றது, பின்னால் போனது. அந்தப் பாறைகளுக்குள் எங்கேயோ வெளிர்பச்சைச் சட்டை போட்ட ஒரு மனிதர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

போன் அதிர்ந்தது. பூங்குழலியின் நம்பருக்குச் செய்தி.

"வர முடியலையா மேடம்? பரவால்ல. உடம்பு சரியில்லன்னா பாத்துக்குங்க."

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது அடுத்தது வந்தது.

"இன்னிக்கி என் பொண்ணு வந்தா. போன்னு சொல்லிட்டேன்."

வண்டி ஒரு பாலத்தைக் கடந்தது.

"தண்ணி வெச்சிட்டுப் போயிருக்கா. குடிக்கவும் முடியல. தூக்கிப் போடவும் முடியல. கையில வெச்சிக்கினு உக்காந்திருக்கேன்."

"ரொம்ப எளச்சிட்டா. ஏன்னு கேக்கல. சாப்டியான்னு கேக்கல. எதுக்கு வந்தேன்னு கூட வாய் தெறந்து சொல்ல வுடல."

"வூட்ல சொல்ல முடியாது. அவ அழுவா. அதான் உங்ககிட்ட சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க."

வெண்மதி சீட்டின் முன்கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்டக்டர் கிட்ட வந்து குனிந்தார்.

"இன்னாம்மா? எதுனா ப்ராப்ளமா?"

"எறங்கணும்ணா."

"இங்க ஸ்டாப்பிங் இல்லியே. டிக்கெட்டு திருவண்ணாமலைக்கு இல்ல வாங்கியிருக்க?"

"எறங்கணும்ணா. தயவுசெஞ்சி."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் விசில் ஊதினார்.

வண்டி அவளை இறக்கிவிட்டுப் போனது. இரண்டு பக்கமும் மல்லாட்டை என்று ஊரில் சொல்லும் நிலக்கடலைக் கொல்லை. ஆள் அரவம் இல்லை. ஒரு புளியமரம், அதன் அடியில் உடைந்த சிமெண்ட் பெஞ்சு. கோட்டை தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது.

பூங்குழலியாகவே ஆறுதல் ஒன்று எழுதிவிடலாம். அவர் வீட்டுக்குப் போவார், சாப்பிடுவார், நாளைக்கு இன்னொரு படம் போடுவார். இவளும் முதல் ஆளாகப் பூச்சியின் பெயரைச் சொல்வாள். எத்தனை வருடம் வேண்டுமானாலும் இப்படியே ஓட்டலாம்.

ஆறுதலாகத்தான் எழுத ஆரம்பித்தாள். அழித்தாள். வேறு எழுதினாள். அதையும் அழித்தாள். கடைசியில் ஒரே வரி நின்றது.

"வந்தேன் சார். நீங்கதான் போன்னு சொன்னீங்க."

அனுப்பிவிட்டாள்.

குறிகள் நீலமாக மாறின. படித்துவிட்டார். 'எழுதுகிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. பிறகு அதுவும் இல்லை.

ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

போன் அடித்தது. இத்தனை மாதங்களில் அவர் பூங்குழலியைக் கூப்பிட்டதே இல்லை. திரையில் 'நைனா' என்று ஒளிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ" வரவில்லை. காற்று இரைந்தது. மூச்சு கேட்டது, மலை ஏறியவர் வாங்குவதுபோல. யார் முதலில் வைப்பார்கள் என்று இருவருக்கும் பயம்.

"எல்லாத்தையும்..." என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் படிச்சது நீதானா?"

"ஆமா நைனா."

மறுபடி காற்று.

"எங்க நிக்கிற?"

"திருவண்ணாமலை ரோட்ல. பாலத்தத் தாண்டி. ஒரு புளியமரம் இருக்குது. பஸ்ஸ வுட்டு எறங்கிட்டன்."

அவர் எழுந்து நிற்பதுபோல் ஏதோ உரசும் சத்தம்.

"அங்கயே நில்லு."

தொடர்பு அறுந்தது.

கோபமா? அழுகையா? அந்த இரண்டு வார்த்தைகளை அவள் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கேட்டது. வந்து அறைவாரா, கூட்டிக்கொண்டு போவாரா, இல்லை, எதிரில் நின்று 'ஏன் வேணாம்னு சொன்ன' என்று அந்தப் பழைய கேள்வியையே மறுபடி கேட்பாரா? கேட்டால் இந்த முறை தலையைக் குனிந்துகொள்ள முடியாது.

செஞ்சிப் பக்கமிருந்து இன்னொரு திருவண்ணாமலை வண்டி வந்தது. தனியாக நிற்கும் பெண்ணைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"ஏறுறியாம்மா? இதுக்கப்பறம் வண்டி லேட்டாவும்" என்று படியில் நின்ற கண்டக்டர் கத்தினார்.

வெண்மதி தலையை ஆட்டி மறுத்தாள். வண்டி போன பிறகு, புழுதி அடங்கும் வரை காத்திருந்து, கிழக்கே, கோட்டைப் பக்கம் பார்த்து நின்றாள்.